துறை வலையமைப்போடு வெளி நிறுவன இணைப்பு: அறிகுறியைக் கொண்டு பழுது நீக்கும் வழிமுறை

அரசுத் துறை ஒன்றின் உள் வலையமைப்போடு ஒரு வங்கிக் கிளையையோ, பரிசோதனைக் கூடத்தையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ இணைத்துக் கொடுப்பது ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதன்பின் "கிடைக்கவில்லை" என்று வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது ஆண்டு முழுவதும் நீளும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை இத்தகைய இணைப்புகளின் வெளி நிறுவனப் பக்கத்தைக் கவனித்துவருபவன் என்ற முறையில், அந்த அழைப்புகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியங்களையே தலைப்புகளாக வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மாவட்ட, வட்டார அலுவலகங்களை இணைக்கும் மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பை மாநில அரசு நிறுவனமான எல்காட் நடத்துகிறது; தேசிய தகவலியல் மையத்தின் நிக்நெட் தனி; சில துறைகளுக்குச் சொந்த வலையமைப்பும் உண்டு. இவற்றில் எதுவானாலும் வெளியார் நேரே உள்ளே நுழைவதில்லை. பொதுவாகத் துறையின் எல்லையில், அனுமதியில்லாத போக்குவரத்தைத் தடுக்கும் காவல் கருவியான ஃபயர்வால் ஒன்று நிற்கும். வெளி நிறுவனத்தின் ரூட்டரோ ஃபயர்வாலோ அதனுடன் ஐபிசெக் என்ற குறியாக்க முறையில், பொது இணையத்தின் ஊடே ஒரு தனிப் பாதையை, அதாவது வி.பி.என். டன்னலை, அமைத்துக்கொள்ளும், அந்த டன்னல் வழியாக, அனுமதிக்கப்பட்ட ஒன்றிரண்டு சர்வர்களை மட்டும், அனுமதிக்கப்பட்ட போர்ட்டுகளில் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட வாசல்கள்) மட்டும் அணுகலாம்.

இதில் பழுது பார்ப்பதைக் கடினமாக்குவது தொழில்நுட்பம் அன்று. இணைப்புக்கு உரிமையாளர் இருவர். ஒருவர் பக்கம் நடப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவானது, தொடக்கத்தில் நிரப்பிக் கையெழுத்திட்ட இணைப்புப் படிவம் ஒன்றுதான். இரு பக்கத்துப் பொது முகவரிகள், குறியாக்க முறைகள், டன்னலுக்குள் போகவேண்டிய உள் முகவரிகள், போர்ட் எண்கள் ஆகிய எல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை கருவி கெட்டதால் வந்தவை அல்ல. படிவத்தின் ஏதோ ஒரு வரியை இரு தரப்பாரும் இரு விதமாகக் கருவியில் எழுதியதாலோ, ஒருவர் பின்னர் மாற்றிவிட்டு மற்றவருக்குச் சொல்லாததாலோ வந்தவை. எனவே எந்த அறிகுறியாக இருந்தாலும், படிவத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஃபயர்வாலின் தற்போதைய அமைப்பை நகல் எடுத்து வைத்த பின்னரே கீபோர்டில் கை வைக்கவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்பவர், எது சரிசெய்தது என்பதைப் பிறகு ஒருபோதும் அறியமாட்டார்.

"டன்னல் எழவே இல்லை"

முதலில் கண்ணால் பார்க்கக்கூடியதைப் பார்க்கவேண்டும். ஃபைபர் வந்து முடியும் சிறு பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள், அப்போது வி.பி.என். பக்கமே போகவேண்டாம், இணைய நிறுவனத்தை அழைத்தால் போதும். நம் மாவட்டத்தில் நாற்கரச் சாலைக்காகத் தோண்டும் இடங்களிலும், மின்கம்பங்களின் மேலே இழுத்துக் கட்டிய கேபிள் தென்னை மட்டைக்கும் ரப்பர் மரக் கிளைக்கும் அடியில் போகும் இடங்களிலும் இது வழக்கமான கதை.

இணையம் இருந்தும் டன்னல் எழவில்லையானால், ஃபயர்வாலின் வெளி முகத்தில் இப்போது இருக்கும் முகவரியைப் படிவத்தில் எழுதிய முகவரியோடு ஒப்பிடுங்கள். நிலையான முகவரிக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும் என்பதால், யாரோ ஒருவர் மாதக் கட்டணத்தைக் குறைப்பதற்காகத் திட்டத்தை மாற்றும்போது அது சத்தமில்லாமல் போய்விடுகிறது. அங்கே 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும் முகவரி தெரிந்தால், இணைய நிறுவனம் உங்களைப் பலரோடு சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிட்டது என்று அறியலாம். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி அது. துறையின் ஃபயர்வால் பதிவுசெய்த முகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். மற்றவர் கதவைத் தட்டினால் "யார்" என்றுகூடக் கேட்காது.

முகவரி சரியானால், ஃபயர்வாலின் லாக், அதாவது நிகழ்வுப் பதிவேடு, சொல்வதைக் கவனிக்கவேண்டும். இங்கே ஒரு வேறுபாடு மிக முக்கியம். நம் பக்கத்திலிருந்து, டன்னலுக்கான பேச்சுவார்த்தை நடக்கும் யு.டி.பி. 500-ஆம் போர்ட்டுக்குப் பாக்கெட் (தரவுத் துண்டு) போய்க்கொண்டே இருந்து ஒரு பதிலும் வரவில்லையானால், வழியில் யாரோ தடுக்கிறார்கள், அல்லது எதிர்ப்பக்கம் நம்மை அடையாளம் காணவில்லை. பதில் வந்து அதில் மறுப்பு இருந்தால், பாதை நன்றாக இருக்கிறது, பேச்சுவார்த்தைதான் முறிந்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரிக்காமல் "டன்னல் டவுன்" என்று மட்டும் எழுதி அனுப்பும் மின்னஞ்சலால் யாருக்கும் பயனில்லை. வழியில் ஒரு ரூட்டர் உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் இணைப்புகளில் 4500-ஆம் போர்ட்டும் திறந்திருக்கவேண்டும். 500 மட்டும் திறந்திருந்தால் பேச்சு தொடங்கி நடுவில் நின்றுவிடும்.

"ப்ரொபோசல் (முன்மொழிவு) எதுவும் ஏற்கப்படவில்லை" என்ற பொருளில் செய்தி வந்தால், இரு பக்கத்துக் குறியாக்க முறைகள் பொருந்தவில்லை. படிவத்தில் இருப்பதை ஒவ்வொரு சொல்லாக ஒப்பிடுங்கள்: பேச்சுவார்த்தை முறையான ஐ.கே.இ. முதல் பதிப்பா இரண்டாம் பதிப்பா, குறியாக்கத்துக்கு ஏ.இ.எஸ். 128-ஆ 256-ஆ, சரிபார்ப்புக்கு ஷா-1-ஆ ஷா-256-ஆ, சாவி உருவாக்கத்துக்கு டிஃபி-ஹெல்மன் குழு 2-ஆ 14-ஆ. 1024 பிட் கொண்ட குழு 2 பலவீனமானது என்று கைவிடப்பட்டுவருகிறது. 14-ஆம் குழு 2048 பிட். பல ஆண்டுகள் ஓடிய இணைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் எழவில்லையென்றால், எதிர்ப்பக்கக் கருவியில் மென்பொருளைப் புதுப்பித்து, பழைய முறைகளை நீக்கியிருப்பார்கள் என்பதே என் முதல் ஐயம். அப்போது அவர்களைப் பழையதற்குத் திரும்பச் சொல்லி வற்புறுத்துவது தவறு; மாறவேண்டியது நம் பக்கம்தான்.

அடையாளச் சோதனையில் தோற்றதாகச் செய்தி வந்தால், காரணம் இரண்டில் ஒன்று. இரு பக்கமும் ஒன்றாக வைத்திருக்கவேண்டிய ரகசியக் கடவுச்சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். நகலெடுத்து ஒட்டும்போது வரியின் முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது நேரான மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். சாவியை அவ்வழியே அனுப்பியதே தவறு என்பதால், அதைத் திருத்துவதைவிடப் புதிய சாவி ஒன்றை இருவரும் தொலைபேசியில் பேசி உள்ளிடுவது நல்லது. மற்றொரு காரணம், நம் ஃபயர்வால் இணைய நிறுவனத்தின் ரூட்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு, தன்னை 192.168 எனத் தொடங்கும் உள் முகவரியாலேயே அறிமுகப்படுத்திக்கொள்வது. எதிர்ப்பக்கமோ பொது முகவரியை எதிர்பார்த்து நிற்கும். உள்ளூர் அடையாளம் என்ற இடத்தில் படிவத்தில் உள்ள முகவரியை வெளிப்படையாக எழுதினால் இது தீரும்.

"பச்சை எரிகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை"

வருகிற அழைப்புகளில் பாதி இதுதான். "அண்ணே, பச்சை லைட்டு எரியுது, ஒண்ணும் வரல்ல" என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு குரல். "சார், எங்க சைடு எல்லாம் ஓகே" என்று துறையின் தொழில்நுட்ப மையத்திலிருந்து மற்றொரு குரல். இருவரும் உண்மையையே சொல்கிறார்கள். டன்னல் எழுந்துவிட்டது என்பது இரு எல்லைக் கருவிகளும் கைகுலுக்கிக்கொண்டன என்பதற்கு மட்டுமே சான்று. அதற்குள் போகவேண்டியது போகிறதா என்பது வேறு கேள்வி.

அதற்கு விடை சொல்வன இரண்டு எண்ணிக்கைகள்: டன்னலுக்குள் நாம் குறியாக்கி அனுப்பிய பாக்கெட்டுகள், டன்னலிலிருந்து வந்து நாம் பிரித்த பாக்கெட்டுகள். எந்த ஃபயர்வாலிலும் இவை டன்னலின் நிலையைக் காட்டும் பக்கத்தில் இருக்கும். ஊழியர் ஒருவரைச் சர்வரின் பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, இரண்டையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் அசையவில்லையானால் பழுது நம் வீட்டுக்குள்தான்: பாக்கெட் டன்னலின் வாசலுக்கே வரவில்லை. ஊழியரின் கணினி வேறு ரூட்டரை வழியாக வைத்திருக்கலாம். சர்வர் முகவரிக்கான ரூட் (போகும் வழி) ஃபயர்வாலில் இல்லாமலிருக்கலாம். நான் மிகுதியாகக் காண்பது, பொது இணையத்துக்காக எழுதிய முகவரி மாற்ற விதி பட்டியலில் மேலே இருந்து, டன்னலுக்குப் போகவேண்டிய பாக்கெட்டையும் பிடித்துப் பொது முகவரியாக மாற்றிவிடுவது. அப்படி மாறிய முகவரி டன்னலுக்கான பட்டியலில் இல்லாததால், பாக்கெட் திறந்த இணையத்தில் போய்த் தொலைந்துவிடும். டன்னலுக்கான விதியை அதற்கு மேலே ஏற்றுவதே தீர்வு.

அனுப்பியது ஏறிக்கொண்டும் வந்தது பூஜ்யத்திலும் நின்றால், பாக்கெட் நம் கையை விட்டுப் போய்விட்டது. எதிர்ப்பக்கம் அதை ஏற்கவில்லை, அல்லது பதிலுக்குத் திரும்பி வரத் தெரியவில்லை. இந்த நிலையில் நாம் எதை மாற்றினாலும் குழப்பம் கூடுமே ஒழியக் குறையாது. வந்தது ஏறியும் அனுப்பியது அசையாமலும் இருக்கும் நிலை அரிது. எதிர்ப்பக்கத்துச் சர்வர் நம் கணினியைத் தானாகத் தொடர்புகொள்ள முயலும்போது, கணினியில் உள்ள ஃபயர்வால் அதைத் தடுப்பதால் வருவது. இரண்டும் ஏறியும் பக்கம் திறக்கவில்லையானால் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம்.

எதிர்ப்பக்கம் ஏற்காமைக்கு முதற்காரணம், டன்னலுக்குள் போகவேண்டிய முகவரிகள் இரு பக்கமும் ஒன்றுபோல எழுதப்படாமை. நாம் 256 முகவரிகள் கொண்ட முழுத் தொகுதியை எழுதியிருப்போம். அவர்கள் அதில் ஒரே ஒரு முகவரியை எழுதியிருப்பார்கள். ஐ.கே.இ. முதல் பதிப்பில் இது பெரும்பாலும் உடனே மறுக்கப்படும். இரண்டாம் பதிப்பில் சிறிய அளவுக்குச் சுருக்கி ஏற்றுக்கொள்ளும் வசதி இருப்பதால், ஒரு கணினியில் மட்டும் வேலை நடந்து, பக்கத்து மேசையில் நடக்காது. "மேலாளர் கணினியில் மட்டும் வருகிறது" என்று யாராவது சொன்னால், மேலாளரின் செல்வாக்கை ஐயப்படுவதற்கு முன் இந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. தனி வலையமைப்புகளுக்கென 1996-இல் மூன்று முகவரித் தொகுதிகள் வரையறுக்கப்பட்டன: 10 எனத் தொடங்கும் 1,67,77,216 முகவரிகள், 172.16 முதல் 172.31 வரையிலான 10,48,576 முகவரிகள், 192.168 எனத் தொடங்கும் 65,536 முகவரிகள். பெரிய வலையமைப்புகள் வழக்கமாக முதல் தொகுதியை எடுத்துக்கொள்ள, கடையில் வாங்கும் ரூட்டர்களில் பல 192.168.1 அல்லது 192.168.0 என்ற எண்ணோடே பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. குளச்சலில் ஒரு நிறுவனமும் தக்கலையில் மற்றொரு நிறுவனமும் அதே எண்ணோடு ஒரே துறைக்கு இணைப்புக் கேட்டால், 192.168.1.20 என்ற முகவரிக்குப் போகவேண்டிய பதிலை எந்த டன்னலில் அனுப்புவது என்று துறையின் ஃபயர்வாலுக்குத் தெரியாது. ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவெண் இருந்தால் தபால்காரர் படும் பாடுதான் அதுவும் படும். ஒரு நிறுவனத்தில் நான் இணைப்பைக் கொடுத்துவிட்டு வந்த மறு வாரம் அது நின்றது. மூன்று நாள் அலைந்த பின்தான், அதே எண்ணில் வேறொருவருக்குத் துறை புதிதாக இணைப்புக் கொடுத்தது தெரியவந்தது. என் பக்கம் ஒன்றுமே மாறியிருக்கவில்லை.

ஆகவே துறை தானே ஒவ்வொரு வெளி நிறுவனத்துக்கும் ஒரு சிறு முகவரித் தொகுதியை ஒதுக்குவதும், நாம் நம் உள் முகவரிகளை டன்னலுக்குள் போகுமுன் அதற்கு மாற்றிக்கொள்வதும் நல்ல வழக்கம். இங்கே எல்லாரும் ஒருமுறையாவது செய்யும் பிழை ஒன்று உண்டு. பெரும்பாலான கருவிகளில் முகவரி மாற்றம் முதலில் நடந்து, குறியாக்கம் பின்னர் நடக்கிறது. எனவே டன்னலுக்கான பட்டியலில் எழுதவேண்டியது மாற்றிய பின் உள்ள முகவரி. மாற்றுவதற்கு முன் உள்ளதை எழுதிவிட்டு, இரண்டு எண்ணிக்கைகளும் ஏன் அசையவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது காரணம் திரும்பும் வழி. நம் பாக்கெட் சர்வரைச் சேர்ந்தும், சர்வர் தன் பதிலை வேறொரு ஃபயர்வால் வழியாக அனுப்பினால், அந்த இரண்டாவது ஃபயர்வால் தொடக்கத்தைப் பார்க்காத உரையாடலின் நடுப்பகுதியைக் கண்டு அதை எறிந்துவிடும். துறைக்கு இரண்டு தரவு மையங்களோ இரண்டு இணைப்புகளோ இருக்கும்போது இது நேரும். இதை நம் பக்கத்திலிருந்து நிரூபிக்க இயலாது. சர்வரின் அருகே பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்கும்படி வேண்டத்தான் முடியும். அவ்வாறு வேண்டும்போது, நம் முகவரி, சர்வரின் முகவரி, போர்ட் எண், முயன்ற நேரம் வினாடி வரையில், நம் ஃபயர்வாலில் அந்தப் பாக்கெட் டன்னலுக்குள் போனதற்கான லாக் வரி ஆகிய ஐந்தையும் ஒரே மின்னஞ்சலில் கொடுத்தால், பதில் பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடுகிறது. "நெட் வரவில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் ஒரு வாரம் ஆகும். அதற்கு அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

"பிங் போகிறது, பக்கம் திறக்கவில்லை"

பிங் என்பது எதிர்க் கருவி பதில் சொல்கிறதா என்று மட்டும் கேட்கும் சோதனை. எனவே போர்ட்டை நேரடியாகச் சோதியுங்கள். இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பாக்கெட் பெரும்பாலும் சர்வர் வரை போயிருக்கிறது, அங்கே அந்த போர்ட்டில் கேட்பவர் இல்லை. அது சர்வரைப் பராமரிப்பவரின் வேலை. நீண்ட நேரம் காத்திருந்து காலாவதியானால், நடுவில் ஒரு ஃபயர்வால் சொல்லாமல் விழுங்குகிறது. அது வலையமைப்பைப் பராமரிப்பவரின் வேலை. இந்த ஒரு சோதனை, புகார் தவறான மேசைக்குப் போவதைத் தவிர்க்கும்.

போர்ட்டும் திறந்திருந்து, நுழைவுப் பக்கம் வருகிறது, பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படுகின்றன, ஆனால் ஸ்கேன் செய்த ஆவணத்தை ஏற்றும்போது மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது என்றால், பாக்கெட்டின் அளவே காரணம். சில வேளைகளில் பக்கமே வராமலும் போகும்; தன் அடையாளத்தைக் காட்டச் சர்வர் முதலில் அனுப்பும் சான்றிதழே பெரிதாக இருப்பதால் அந்த இடத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் ஃபைபர் இணைப்பில் அது 1492 ஆகிறது. டன்னல் தன் குறியாக்கத்துக்காக மேலும் சில பத்து பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. இதற்குமேல் பெரிய பாக்கெட் வந்தால், வழியிலுள்ள கருவி "இது பெரிது, சிறிதாக்கு" என்று அனுப்பியவருக்கு ஐ.சி.எம்.பி. எனும் அறிவிப்புச் செய்தி ஒன்றை அனுப்பவேண்டும். பாதுகாப்புக் கருதி ஐ.சி.எம்.பி. முழுவதையும் தடுத்துவைக்கும் வழக்கம் அரசு வலையமைப்புகளில் மட்டுமன்றி எங்கும் உண்டு. அந்தச் செய்தி வந்து சேராததால், அனுப்பியவர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

அளந்து பார்ப்பது எளிது. பிங் கட்டளையில் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தை இட்டு, அளவை 1472-இல் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தலைப்புப் பகுதிக்கு 28 பைட் சேர்வதால் 1472 என்பது 1500 பைட் பாக்கெட். எடுத்துக்காட்டாக 1372 போகிறது, 1373 போகவில்லை என்றால், பாதை தாங்கும் அளவு 1400. அதிலிருந்து ஐ.பி., டி.சி.பி. தலைப்புகளுக்கு 40-ஐக் கழித்தால் 1360. இந்த எண்ணை ஃபயர்வாலின் டன்னல் முகத்தில் எம்.எஸ்.எஸ். (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) எல்லையாக எழுதிவிட்டால், இரு பக்கத்துக் கணினிகளும் தொடக்கத்திலேயே அந்த அளவுக்குள் பேச ஒத்துக்கொள்ளும். துறை பிங்கை அனுமதிக்கவில்லையானால் அளக்க வழியில்லை. அப்போது 1300 என்று எழுதிப் பார்த்து, வேலை நடந்தால் காரணம் இதுவே என்று உறுதிசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு கணினியிலும் போய் அளவை மாற்றுவது கூடாது. புதிய கணினி வந்த நாளில் பழுதும் திரும்பி வரும்.

"எண்ணைப் போட்டால் திறக்கிறது, பெயரைப் போட்டால் திறக்கவில்லை"

துறையின் உள் சர்வர்களின் பெயர்கள், பெயரை முகவரியாக மாற்றித் தரும் பொது இணையத்தின் டி.என்.எஸ். சேவைகளில் இருப்பதில்லை. அந்தப் பெயர்களுக்கான கேள்விகளை மட்டும் துறையின் டி.என்.எஸ். சர்வருக்கு அனுப்பும்படி நம் பக்கத்தில் அமைக்கவேண்டும். அதற்கு 53-ஆம் போர்ட்டும் படிவத்தில் இருக்கவேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் உலாவியில் மட்டும் வரவில்லையானால், உலாவியின் பாதுகாப்பான டி.என்.எஸ். என்ற அமைப்பு நம் டி.என்.எஸ். சர்வரைத் தாண்டி வெளியே கேட்கிறதா என்று பாருங்கள். அவசரத்துக்குக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரையும் முகவரியையும் ஒரு வரியாக எழுதலாம். ஆனால் எழுதிய தேதியைப் படிவத்தின் பின்புறத்தில் குறித்துவையுங்கள், ஏனெனில் துறை சர்வரை இடம் மாற்றும் நாளில் அந்த வரியே அடுத்த பழுதாகும்.

"நேற்று வரை ஓடியது, இன்று சான்றிதழ் பிழை என்கிறது"

முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கடந்தபின் நம் மாவட்டத்தில் பல இடங்களில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மின்சாரம் திரும்பிய பின் நான் கண்ட முதல் பழுது அறுந்த கேபிள் அன்று. மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோன ஒரு கணினி, பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் நின்றுகொண்டு, சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்று சாதித்தது. புதிய பேட்டரி ஒன்றோடு அது தீர்ந்தது. கடிகாரம் பிழையானால் சான்றிதழ் வழி அடையாளம் காணும் டன்னல்களும் எழமாட்டா. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறை, கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு, அல்லது அவற்றை ஒட்டிய சர்வர்களோடு, ஒத்திசைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் அதுவே சொல்கிறது. இரு பக்கத்துக் கடிகாரங்களும் ஒத்துப்போகாவிட்டால் லாக்குகளை ஒப்பிடுவதும் வீண்வேலையாகிவிடும்.

கடிகாரம் சரியானால் காலாவதித் தேதியைப் பாருங்கள். உலாவிகள் பொதுவாக நம்பும் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2020-இல் 398 நாட்களாகக் குறைக்கப்பட்டது. இது படிப்படியாகக் குறைந்து 2029-இல் 47 நாட்களுக்கு வரவிருக்கிறது. ஆண்டுக்கொருமுறை நினைவு வைத்துக்கொண்டு கையால் மாற்றும் பழக்கம் இனி நடக்காது. சான்றிதழ் புதிதாகவே இருந்தும் சில கணினிகளில் மட்டும் பிழை வந்தால், சர்வரின் சான்றிதழை உலாவி நம்பும் மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழைச் சர்வரில் நிறுவ மறந்திருப்பார்கள். வெளி நிறுவனமும் தன் சான்றிதழைக் காட்டவேண்டிய இணைப்புகளில், நம்முடையதைப் புதுப்பித்தபின் அதன் பொதுப் பகுதியைத் துறைக்கு அனுப்பியிருக்கிறோமா என்பதையும் பார்க்கவேண்டும். எச்சரிக்கையைத் தாண்டிப்போக ஊழியர்களைப் பழக்கும் "தீர்வு" மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

"விட்டுவிட்டு அறுகிறது"

ஒரு தாளில் மூன்று நாட்களுக்கு அறுந்த நேரங்களை எழுதுங்கள். ஒரே இடைவெளியில் அறுந்தால் அமைப்பில் பிழை. ஒழுங்கில்லாமல் அறுந்தால் வழியில் பிழை. இந்தத் தாள் இல்லாமல் கருவியைத் திறப்பதில் பயனில்லை.

மணிக்கொருமுறை, அல்லது எட்டு மணி நேரத்துக்கொருமுறை அறுந்தால், அவை சாவிகளைப் புதுப்பிக்கும் வழக்கமான கால அளவுகளான 3600, 28800 வினாடிகள். புதுப்பிக்கும்போது மட்டும் பயன்படும் ஏதோ ஓர் அமைப்பு, பெரும்பாலும் பி.எஃப்.எஸ். குழு (புதிய சாவிக்கான டிஃபி-ஹெல்மன் குழு), இரு பக்கமும் வேறுபடுகிறது. மதிய உணவுக்குப் பின் முதல் முயற்சி மட்டும் தோற்றால், சும்மா இருந்த நேரத்தில் வழியிலுள்ள ரூட்டர் இணைப்பை மறந்துவிட்டது. 20 வினாடிக்கொருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும் அமைப்பை இயக்கினால் போதும்.

ஒழுங்கின்றி அறுவதில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு நிலைமை உண்டு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால், ஜூனிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் புகார்கள் குவியும். மேல்புறம், திருவட்டார்ப் பக்கத்து மலையடிவார ஊர்களில், கேபிளைவிட மின்சாரமே முதலில் போகிறது. கருவிக்கு யு.பி.எஸ். வைத்தவர்கள் ஃபைபர் முடியும் பெட்டியை அதில் மாட்ட மறந்துவிடுவதை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன்.

மாற்றுக்கு மொபைல் டேட்டா வைத்திருப்பவர்கள் ஒன்றை அறியவேண்டும்: பிரதான வழி அறுந்ததும் ஃபயர்வால் மொபைலுக்குத் தாவும், ஆனால் அங்கே நிலையான பொது முகவரி இல்லாததால் துறையின் பக்கம் அதை ஏற்காது. களியக்காவிளையில் டாங்கிள் கேரளத்துக் கோபுரத்தைப் பிடிப்பதுதான் காரணம் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்தாலும் இதுவே நடக்கும். மாற்று வழி வேண்டுமானால் இரண்டாவது நிலையான முகவரியை வாங்கி, அதையும் படிவத்தில் ஏற்றி, மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் பிரதான கேபிளை வேண்டுமென்றே கழற்றிச் சோதித்துவிடவேண்டும்.

"மெதுவாக இருக்கிறது"

இதற்கு அதிகம் சொல்வதற்கில்லை. டன்னல் வழியாக மட்டுமா, பொது இணையமும் மெதுவா என்று கேளுங்கள். பின்னதானால் யாரோ ஒருவர் அலுவலகக் கணினியில் பெரிய கோப்பை இறக்கிக்கொண்டிருப்பார். அப்படி யாரும் இல்லையானால், ஃபயர்வாலிலும் ஸ்விட்சிலும் கேபிள் மாட்டும் போர்ட்டுகளில் ஒன்று முழு டூப்ளெக்ஸிலும் (ஒரே நேரத்தில் இருவழி) மற்றொன்று அரை டூப்ளெக்ஸிலும் (ஒரு நேரத்தில் ஒருவழி) நிற்கின்றனவா என்று பாருங்கள். டன்னல் மட்டும், அதுவும் காலை பத்து முதல் பதினொன்று வரை மட்டும் மெதுவானால், அது சர்வரின் பாரம். நம் கையில் ஒன்றுமில்லை.

"இப்போது ஓடுகிறது, ஆனால் எப்படிச் சரியானது என்று தெரியவில்லை"

இதையும் நான் பழுதாகவே கருதுகிறேன். இரவு எட்டு மணிக்குச் சோர்ந்துபோன யாரோ ஒருவர், இரு பக்கத்திலும், எல்லா முகவரியிலிருந்தும் எல்லா போர்ட்டுக்கும் அனுமதி என்ற விதியைச் சேர்த்திருப்பார், பக்கம் திறந்திருக்கும், எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த விதி இருக்கும் வரை, நம் அலுவலகத்தில் ஒரு பென்டிரைவ் வழியாக வரும் வைரஸுக்குத் துறையின் உள் வலையமைப்பு திறந்த வாசல். மறுநாளே துறையின் பொறியாளரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, மக்கள் வருகை குறைந்த ஒரு நேரத்தில் அந்த விதியை முடக்குங்கள். முடக்கியதும் எந்தெந்த முகவரிகளும் எந்தெந்த போர்ட்டுகளும் தடுக்கப்படுகின்றன என்பது லாக்கில் வரும். அவற்றை மட்டும் தனி விதிகளாக எழுதி, இரு தரப்பும் படிவத்தில் சேர்த்து, தேதியிட்டுக் கையெழுத்திட்டபின், முடக்கி வைத்த விதியை அழித்துவிடுங்கள்.